போர்வை, சாம்பல், ஒப்பாரி: கொள்ளைநோய்த் துக்கத்தைப் படமெடுத்தல் குறித்து

1992 அக்டோபர் இரண்டாம் வார இறுதியில், வாஷிங்டன் நகரில், கூப்பிடு தூரத்தில் எய்ட்ஸால் செத்தவர்களுக்காக இரண்டு சடங்குகள் நடந்தன. ஒன்று, புல்வெளியில் விரித்துவைக்கப்பட்ட ஒட்டுத்துணிப் போர்வை. அதன் ஒவ்வொரு துண்டும் ஒரு பெயர். மூன்றடி அகலம், ஆறடி நீளம், அதாவது ஓர் ஆளைப் புதைக்கிற குழியின் அளவு. ஒலிபெருக்கியில் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட, துண்டுகளுக்கிடையே விட்டிருந்த நடைபாதையில் உறவினர்கள் நடந்துபோனார்கள், அழுதார்கள், கட்டிக்கொண்டார்கள். இன்னொன்று 'ஆக்ட் அப்' அமைப்பினர் நடத்தியது. தங்கள் காதலர்களின், பிள்ளைகளின், நண்பர்களின் சாம்பலைப் பெட்டியிலும் பையிலும் எடுத்துக்கொண்டு ஊர்வலமாகப் போய், குதிரைப் போலீசையும் மீறி, வெள்ளை மாளிகையின் கம்பிவேலிக்கு மேலாக உள்ளே புல்தரையில் கொட்டினார்கள். உன்னால் வந்த பிணம், நீயே வைத்துக்கொள் என்பதுதான் அதன் பொருள்.

இரண்டையும் காமிராக்கள் பதிவுசெய்தன. போர்வையைப் படம்பிடித்த மரபு ஒன்றும் சாம்பலைப் படம்பிடித்த மரபு ஒன்றுமாக எய்ட்ஸ் ஆவணப்படத்துக்குள் இரண்டு கிளைகள் உண்டு. ஆவணப்படக்காரர் எதன் பக்கம் நிற்பது? அமெரிக்க வரலாற்றின் மீதுள்ள ஆசையால் எனக்கு இந்தக் கேள்வி வரவில்லை. 2022 தொடங்கி ஒன்றரை ஆண்டுகாலம் நானும் மூன்று நண்பர்களும் வடசென்னையில், கொரோனா இரண்டாம் அலையில் வீட்டு மனிதர்களைப் பறிகொடுத்த குடும்பங்களை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தோம். கையில் ஒரு காமிரா, கடன்வாங்கிய ஒரு மைக். வேலை நடக்க நடக்க, இதற்குமுன் இதைச் செய்தவர்கள் என்னதான் செய்தார்கள் என்று தேட வேண்டியதாயிற்று. அந்தத் தேடலின் குறிப்புகளே இவை.

போர்வையின் கதை 1985இல் தொடங்குகிறது. சான்ஃபிரான்சிஸ்கோவில் 1978இல் சுட்டுக்கொல்லப்பட்ட ஹார்வி மில்க், மேயர் ஜார்ஜ் மாஸ்கோனி இருவரின் நினைவாக ஆண்டுதோறும் மெழுகுவர்த்தி ஊர்வலம் நடக்கும. அந்த ஆண்டு நவம்பர் 27 அன்று, எய்ட்ஸில் செத்த தங்கள் ஆட்களின் பெயர்களை அட்டையில் எழுதிவரும்படி கிளீவ் ஜோன்ஸ் என்ற செயல்பாட்டாளர் கேட்டுக்கொண்டார். அட்டைகளை மத்திய அரசுக் கட்டடத்தின் சுவரில் ஒட்டினார்கள். தூர நின்று பார்த்தபோது அது பாட்டி தைத்த ஒட்டுத்துணிப் போர்வை மாதிரி இருந்ததாக ஜோன்ஸ் பின்னர் சொன்னார். 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் முதல் தடவையாக விரித்தபோது 1,920 துண்டுகள். அடுத்த ஆண்டே 8,288. இன்று சுமார் 50,000 துண்டுகள், 1,10,000 பெயர்களுக்கு மேல், 54 டன் எடை. ஒரே இடத்தில் முழுசாக விரித்துப் பார்ப்பது என்பது 1996க்குப் பிறகு நடக்கவில்லை. துக்கம் நிலப்பரப்பைத் தாண்டிவிட்டது.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது பெயரை. ரேகன் எய்ட்ஸ் குறித்து முதல் பெரிய உரையை நிகழ்த்தியது 1987 மே 31 அன்று. நோய் முதன்முதலாக அறிக்கையில் பதிவானது 1981 ஜூன் 5. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் அமெரிக்காவில் மட்டும் 20,000 பேருக்கு மேல் செத்தாயிற்று. செய்தித்தாள்களின் மரண அறிவிப்புகளில் 'நீண்டகால நோய்' என்று போட்டுக்கொண்டிருந்தார்கள். பிணத்தைப் பெற்றோர் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். இருபது வருஷம் கூடவே வாழ்ந்தவனுக்கு சர்ச்சில் பின்வரிசையில்கூட இடம் இராது. இந்த நிலையில் ஒரு பெயரைத் துணியில் தைத்துப் பொதுவெளியில் போடுவது சடங்கு மாத்திரமல்ல, அது ஓர் அறிவிப்பு. நம்மூரில் இறந்தவன் பெயரைச் சொல்லி அழுவதற்கு யாருக்கு உரிமை, பங்காளிக்கா, தாலி கட்டாமல் கூட வாழ்ந்தவளுக்கா என்று நடக்கும் சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இந்தப் போர்வையை வைத்து ராப் எப்ஸ்டீன், ஜெஃப்ரி ஃப்ரீட்மன் இருவரும் 1989இல் எடுத்த படம் 'காமன் த்ரெட்ஸ்'. எப்ஸ்டீன் ஏற்கெனவே ஹார்வி மில்க் பற்றிய படத்துக்கு ஆஸ்கார் வாங்கியவர். இந்தப் படத்துக்கும் கிடைத்தது. ஹெச்.பி.ஓ. தொலைக்காட்சியின் காசு, டஸ்டின் ஹாஃப்மனின் விவரிப்புக் குரல். ஐந்து சாவுகள். முன்னாள் ஒலிம்பிக் வீரர் ஒருவர், ரத்தம் உறையாத நோய்க்கு ஏற்றிய மருந்தால் தொற்று வந்த ஒரு சிறுவன், ஊசியால் போதைமருந்து ஏற்றிக்கொண்ட ஒரு கறுப்பினக் கணவர், தோட்டக்கலை வடிவமைப்பாளர் ஒருவர், விட்டோ ரூஸோவின் காதலர். துண்டைத் தைத்தவர்களே கதையைச் சொல்கிறார்கள். இடையிடையே தொலைக்காட்சிச் செய்தித் துணுக்குகள் வந்து விழுகின்றன.

தேர்வைக் கவனியுங்கள். ஒரு குழந்தை, ஒரு குடும்பஸ்தன், ஒரு விளையாட்டு வீரன்: இது எல்லா வீட்டுக்கும் வரும் நோய், இவர்கள் உங்களைப் போன்றவர்கள் என்று சராசரி அமெரிக்கப் பார்வையாளனை நோக்கிப் படம் கெஞ்சுகிறது. 'உங்களைப் போன்றவர்' என்ற வாதத்தில் எப்போதும் ஒரு ஆபத்து இருக்கிறது. உன்னைப் போல இல்லாதவன் செத்தால் பரவாயில்லையா? ஆனால் படத்தை இந்த ஒரு வாதத்தால் தள்ளிவிட முடியாது. காரணம் இரண்டு. தோட்ட வடிவமைப்பாளரின் காதலரான கடற்படை அதிகாரி, படம் முடிவதற்குள் தானும் செத்துவிடுகிறார். துக்கிப்பவனும் துக்கிக்கப்படுபவனும் ஒரே ஆள் என்ற நிலைமை சினிமாவுக்குப் புதிது. போரில் செத்தவனுக்காக அழும் தாய் போரில் சாகப்போவதில்லை. கொள்ளைநோயில் அப்படியில்லை. இரண்டாவது, விட்டோ ரூஸோ. ஹாலிவுட் படங்களில் ஒருபால் விருப்பினர் எப்படிச் சித்திரிக்கப்பட்டார்கள் என்பது குறித்து 1981இல் 'தி செல்லுலாய்ட் க்ளோசெட்' எழுதியவர், ஆக்ட் அப்பில் இருந்தவர். அவர் திரையில் அழுவதோடு நிற்பதில்லை, கோபப்படுகிறார். 1990 நவம்பரில் அவரும் இறந்தார்.

1988 அக்டோபரில் போர்வை விரிக்கப்பட்ட அதே நாட்களில் ஆக்ட் அப் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தது: போர்வையைப் பார்த்து அழுதது போதும், இந்தப் போர்வை உண்டாகக் காரணமான அரசிடம் உங்கள் கோபத்தைக் காட்ட வாருங்கள் என்ற பொருளில். அக்டோபர் 11 அன்று மருந்துகளுக்கு அனுமதி தரும் அமைப்பின் தலைமை அலுவலகத்தை முற்றுகையிட்டார்கள். செயல்பாட்டாளர்கள் மத்தியில் அப்போது ஒரு எண்ணம் பரவலாக இருந்தது: துக்கம் என்பது ஒதுங்குதல், கையாலாகாத்தனம், போராட்டத்திலிருந்து ஆளை உருவிக்கொண்டு போகிற சமாச்சாரம். நம்முடைய இடதுசாரி மேடைகளிலும் இந்தக் குரல் புதிதல்ல. 'கண்ணீர் வேண்டாம், கனல் வேண்டும்' ரக வசனங்களை எத்தனை இரங்கல் கூட்டங்களில் கேட்டிருக்கிறோம்!

இதற்கு மறுப்பாக டக்ளஸ் க்ரிம்ப் 1989இல் 'அக்டோபர்' இதழில் எழுதிய 'துக்கமும் போர்க்குணமும்' என்னும் கட்டுரை முக்கியமானது. க்ரிம்ப் தானே ஆக்ட் அப்காரர். அவர் ஃப்ராய்டின் 1917ஆம் ஆண்டுக் கட்டுரையை எடுத்துக்கொள்கிறார். ஃப்ராய்டுக்குத் துக்கம் என்பது ஒரு வேலை. இழந்ததிலிருந்து மனம் நூல் நூலாகத் தன்னைப் பிரித்துக்கொள்ளும் வேலை. அந்த வேலையைச் செய்யவிடாமல் சமூகமே குறுக்கே நிற்கும்போது, அதாவது செத்தவன் உன் காதலன் என்று சொல்லக்கூட முடியாதபோது, துக்கம் போர்க்குணமாக வெடிக்கிறது என்கிறார் க்ரிம்ப். அதோடு நிறுத்தவில்லை. வெளியே உள்ள எதிரியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால், நமக்குள்ளேயே இருக்கிற பயமும் குற்றவுணர்வும் களைப்பும் கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்றும் தம் தோழர்களைப் பார்த்துச் சொல்கிறார். போராட்டம் வேண்டும், துக்கமும் வேண்டும். இரண்டில் ஒன்று என்பது பொய்யான தேர்வு.

க்ரிம்ப் கட்டுரையாகச் சொன்னதைப் படமாகச் செய்தவர் டாம் ஜாஸ்லின் என்று நினைக்கிறேன். 'சில்வர்லேக் லைஃப்' 1993இல் வெளிவந்தது. ஜாஸ்லின் சினிமா கற்பித்தவர். அவரும் அவரது 22 ஆண்டுக்காலத் துணைவர் மார்க் மாஸியும் லாஸ் ஏஞ்சலஸில் சில்வர்லேக் பகுதியில் வசித்தார்கள். இருவருக்கும் எய்ட்ஸ். கைக்கு அடக்கமான வீடியோ காமிராக்கள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியிருந்த காலம். இந்தத் தொழில்நுட்ப விஷயத்தை லேசாக நினைக்கக்கூடாது. 16 மி.மீ. ஃபிலிமில் ஒரு சாவை எடுக்க வேண்டுமென்றால் நாலு பேர் கொண்ட குழு படுக்கையறைக்குள் வந்து விளக்குப்போட வேண்டும். இங்கே நோயாளியே படுத்தபடி காமிராவைப் பிடிக்கிறான். அவன் கை ஓய்ந்தபோது மற்றவன் வாங்கிக்கொள்கிறான். கடைக்குப் போவது, டாக்டரைப் பார்ப்பது, காரில் களைத்துப்போய்க் காத்திருப்பது, கூட வந்தவன் தாமதம் செய்ததற்காக எரிந்துவிழுவது. சாவு என்பது பெரும்பகுதி சலிப்பு என்பதை இந்தப் படம் காட்டுகிறது. ஒரு விடுதியின் நீச்சல்குளத்தில், முதுகில் உள்ள புண்கள் மற்ற விருந்தினர்களைச் சங்கடப்படுத்தும் என்பதால் சட்டையைப் போட்டுக்கொள்ளும்படி மார்க்கிடம் சொல்கிறார்கள். தீண்டாமைக்கு விளக்கம் தேவையில்லாத நமக்கு அந்தக் காட்சியைப் புரிந்துகொள்வதில் கஷ்டமில்லை.

1990 ஜூலை 1 அன்று ஜாஸ்லின் இறக்கிறார். உயிர் போன சற்று நேரத்தில் மார்க் காமிராவை இயக்குகிறார். ஒரு பழைய பாட்டை உடைந்த குரலில் பாடுகிறார். பிறகு நமக்குச் சொல்கிறார், கண்களை மூடப் பார்த்தேன், மூடவில்லை, மறுபடி மறுபடி திறந்துகொண்டன, சினிமாவில் காட்டுவதுபோல் இல்லை என்று. அதற்காகச் செத்தவனிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறார். சினிமா வாத்தியாரின் பிணத்துக்கு முன்னால் சினிமா பொய் என்று சொல்லப்படுகிறது! இதைவிட ஆவணப்படக் கோட்பாடு வேறென்ன வேண்டிக்கிடக்கிறது. 1991இல் மார்க்கும் இறந்தார். மிச்சமிருந்த சுமார் 40 மணிநேர வீடியோவை ஜாஸ்லினின் பழைய மாணவர் பீட்டர் ஃப்ரீட்மன் தொகுத்து முடித்தார். இயக்குநர் இறந்துபோன படம், ஒளிப்பதிவாளர் இறந்துபோன படம். சன்டான்ஸ் விழாவில் பரிசு கிடைத்தது. அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் 1993இல் ஒளிபரப்பானது.

மார்லன் ரிக்ஸையும் இங்கே சொல்ல வேண்டும். கறுப்பினத்துக்குள் இருக்கும் பல கறுப்புகளைப் பற்றிய தன் கடைசிப் படத்தை மருத்துவமனைப் படுக்கையிலிருந்தபடி இயக்கினார். 1994 ஏப்ரலில் அவர் இறந்தபின் கூட்டாளிகள் முடித்தார்கள். இன்னொரு பக்கம் 'டீவா டிவி' போன்ற காமிராக் குழுக்கள் ஆர்ப்பாட்டங்களில் நின்று போலீஸ் அடியைப் பதிவுசெய்துகொண்டிருந்தன. இந்தப் பழைய டேப்புகள் இல்லாவிட்டால் 2012இல் வந்த 'ஹவ் டு சர்வைவ் எ ப்ளேக்' போன்ற படங்களுக்கு வழியே இருந்திருக்காது.

இனி நம் கதைக்கு வருவோம்.

கிளீவ் ஜோன்ஸ் அட்டைகளை ஒட்டச்சொன்ன மூன்று மாதத்துக்குள், 1986இன் தொடக்கத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் சுனிதி சாலமனின் மேற்பார்வையில் செல்லப்பன் நிர்மலா என்ற மாணவி தன் ஆய்வேட்டுக்காகப் பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரிகள் எடுத்தார். அவர்கள் ரிமாண்டு ஹோமில் அடைத்துவைக்கப்பட்டிருந்த பெண்கள். மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.க்குப் போயின. அவற்றில் ஆறு பெண்களின் ரத்தத்தில் கிருமி இருந்தது. இந்தியாவின் எய்ட்ஸ் வரலாறு இங்கே தொடங்குகிறது. சுனிதி சாலமன் 2015இல் இறந்தபோது பத்திரிகைகள் உரிய மரியாதை செய்தன. நிர்மலாவின் பங்கு மிகத் தாமதமாகவேனும் வெளியுலகுக்குத் தெரிந்தது. சரி. அந்த ஆறு பேர்?

அவர்களுக்குப் போர்வை இல்லை, படம் இல்லை. பெயர்களை வெளியிடாமல் விட்டது சரியான முடிவு; வெளியிட்டிருந்தால் தெருவிலேயே கொன்றிருப்பார்கள். ஆனால் பெயரை மறைத்துப் பாதுகாத்த அதே நடவடிக்கை, அவர்களைத் துக்கிக்க முடியாதவர்களாகவும் ஆக்கிவிட்டது. போர்வை என்ற வடிவம் அமெரிக்காவில் வென்றதற்குக் காரணம் அங்கே பெயரைச் சொல்வதே விடுதலையாக இருந்தது. இங்கே பெயர் என்பது போலீஸ் ஸ்டேஷன் ரிஜிஸ்தரில் இருப்பது, ரேஷன் கார்டில் இருப்பது, சாதியைக் காட்டிக்கொடுப்பது. அதிகாரம் கேட்பதும் பெயர்தான், அஞ்சலி கேட்பதும் பெயர்தான். ஜூடித் பட்லர் 2004 முதற்கொண்டு எழுதிவரும் 'துக்கிக்கத் தகுந்த உயிர்' என்ற கருத்தை நம் ஆட்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். எந்த உயிர் துக்கத்துக்குத் தகுதியற்றது என்று ஒதுக்கப்படுகிறதோ, அது உயிரோடு இருக்கும்போதே உயிராகக் கருதப்படவில்லை என்பது அவர் வாதம். அந்த ஆறு பெண்கள் சோதனைக்கு முன்பே கம்பிக்குப் பின்னால்தான் இருந்தார்கள் என்பதை இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும். அவர்களிடம் ரத்தம் இருந்தது, ஆகவே மாதிரி எடுக்கப்பட்டது. கதை இருந்ததா என்று கேட்க யாரும் போகவில்லை.

கோவாவில் 1989இல் டொமினிக் டி'சோசாவை, ரத்ததானம் செய்யப் போய்க் கிருமி இருப்பது தெரியவந்த ஒரே காரணத்துக்காக, பழைய மருத்துவமனைக் கட்டடம் ஒன்றில் 64 நாள் பூட்டி வைத்தார்கள். அவர் வழக்காடி வெளியே வந்தார், அமைப்பு கட்டினார், 1992இல் இறந்தார். 2005இல் அவரை முன்மாதிரியாகக் கொண்டு இந்தியில் ஒரு கதைப்படமும் வந்தது. படித்தவர், ஆங்கிலம் பேசியவர், குடும்பம் கூட நின்றது. இதைச் சொல்வது அவருடைய போராட்டத்தைக் குறைக்க அல்ல. காமிரா எங்கே போகிறது, எங்கே போவதில்லை என்பதற்கு ஒரு வழித்தடம் இருக்கிறது, அது சாதியும் வர்க்கமும் போட்ட தடம் என்பதைச் சுட்டத்தான்.

இந்த எண்ணங்களோடுதான் வடசென்னையில் வேலை செய்தோம். கொரோனாவில் துக்கத்தின் தடை வேறு மாதிரி இருந்தது. ரகசியம் இல்லை, உடல் இல்லை. நாங்கள் பேசிய பெண்களில் பாதிப்பேர் கணவரின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தது வாட்ஸ்ஆப்பில். ஒரு அம்மா சொன்னார்: "பொட்டலமா கட்டிக் குடுத்தாங்க தம்பி. உள்ள இருக்கறது எம் புருசன்தானான்னு யாருக்குத் தெரியும்? அவங்க சொன்னாங்க, நான் நம்பிக்கினேன்." சாவுக்கு வந்தவர்கள் மூன்று பேர், அவர்களும் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். குளிப்பாட்டவில்லை, வாய்க்கரிசி இல்லை, பறை இல்லை. சென்னையில் 2020 ஏப்ரலில் ஒரு மருத்துவரின் உடலையே புதைக்கவிடாமல் கும்பல் கல்லெறிந்தது; இரவில் அவருடைய நண்பரான இன்னொரு மருத்துவர் தானே மண் தள்ளி மூட வேண்டியிருந்தது. அடக்கத்தைத் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கி அதற்குப்பின்தான் அவசரச் சட்டம் வந்தது. டாக்டருக்கே அந்தக் கதியென்றால் கூடைக்காரிக்கு என்ன நடந்திருக்கும்? பல ஊர்களில் உடல்களை வாங்கி மரியாதையாக அடக்கம் செய்தவர்கள் முஸ்லிம் தன்னார்வக் குழுக்கள்; அதற்கு முந்தைய மாதம்வரை நோயைப் பரப்பியவர்கள் என்று பழி சுமந்தவர்களும் அவர்களே. மயானத் தொழிலாளிகளைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர்களில் ஒருவர் காமிரா முன்னால் அரைமணி நேரம் பேசினார், துக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, விறகு வந்த லாரியைப் பற்றியும் கையுறை தீர்ந்துபோனதைப் பற்றியும்தான். எங்கள் படத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி அது.

இங்கே '76 டேஸ்' படத்தை ஒப்பிடலாம். 2020 ஜனவரி 23 முதல் ஏப்ரல் 8 வரை 76 நாள் பூட்டப்பட்டிருந்த வூஹானின் மருத்துவமனைகளில் எடுக்கப்பட்டது. ஹாவ் வூ அமெரிக்காவிலிருந்து தொகுத்தார். எடுத்தவர்களில் ஒருவர் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. பேட்டி இல்லை, விவரிப்பு இல்லை. பாதுகாப்பு உடைக்குள் எல்லோரும் ஒன்றுபோல இருப்பதால் யார் யாரென்றும் தெரியாது. செத்தவர்களின் செல்போன்களையும் அடையாள அட்டைகளையும் ஒரு நர்ஸ் கிருமிநாசினியால் துடைத்துத் துடைத்துப் பெட்டியில் வைக்கிறார். போன் இன்னும் ஒலிக்கிறது. பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் கூப்பிட்டு, வந்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். போர்வைத் துண்டின் இடத்தில் இப்போது செல்போன். அரசின் மௌனத்தைப் பற்றி அந்தப் படம் நேரடியாக எதையும் சொல்வதில்லை. சொல்ல முடியாது என்பதும் வாஸ்தவம். ஆனால் அந்தப் பெட்டி சொல்லிவிடுகிறது.

இந்தியாவில் அதே காலத்தில் வேறொரு சர்ச்சை. 2021 ஏப்ரலில் தில்லி சீமாபுரி மயானத்தின் எரியும் சிதைகளை டேனிஷ் சித்திகி மேலிருந்து எடுத்த புகைப்படங்கள் உலகெங்கும் போயின. துக்கத்தின் அந்தரங்கம் கெட்டுப்போயிற்று, இந்துக்களின் ஈமச்சடங்கை வெளிநாட்டானுக்கு விற்கிறான் என்று கூச்சல் எழுந்தது. கூச்சல் போட்டவர்கள் யாரென்று சொல்லத் தேவையில்லை. அந்தரங்கம் என்பது நல்ல சொல்; அதிகாரம் அதைக் கையிலெடுக்கும்போது அது எண்ணிக்கையை மறைக்கிற துணியாகிவிடுகிறது. எண்ணிக்கைதான் பிரச்சினை. 2021 முடிய அரசு ஒப்புக்கொண்ட கொரோனா சாவுகள் சுமார் 4.8 லட்சம். உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் கணித்த கூடுதல் சாவுகள் சுமார் 47 லட்சம். அரசு மறுத்தது. 2025 மே மாதம் வெளியான அரசின் சொந்தப் பதிவுக் கணக்குப்படி 2020இல் பதிவான மரணங்கள் சுமார் 81 லட்சம். 2021இல் சுமார் 1 கோடியே 2 லட்சம். ஒரே ஆண்டில் 20 லட்சத்துக்கு மேல் கூடுதல். 1918 காய்ச்சலில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேல் செத்தார்கள், அதற்கு ஒரு நினைவுச்சின்னம் கிடையாது; கங்கையில் மிதந்த பிணங்களைப் பற்றி இந்திக் கவிஞர் நிராலா எழுதியிருக்காவிட்டால் அதுவும் தெரியாது. 2021இல் அதே கங்கையில் மறுபடி பிணங்கள் மிதந்தன. லண்டனில் பாராளுமன்றத்துக்கு எதிர்ச்சுவரில், யாரையும் அனுமதி கேட்காமல், செத்தவருக்கு ஒன்று வீதம் சிவப்பு இதயங்களைக் குடும்பத்தினர் 2021இல் வரைந்தார்கள். தில்லியில் எந்தச் சுவரில் வரைவது?

எங்கள் படத்தில் இந்த எண்கள் வேறு வழியாக உள்ளே வந்தன. உச்சநீதிமன்ற உத்தரவின்பேரில் கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று 2021 செப்டம்பர், அக்டோபரில் முடிவாயிற்று. சான்றிதழில் கொரோனா என்று இல்லாததை மட்டும் காரணமாக்கி மறுக்கக்கூடாது என்றும் நீதிமன்றம் சொன்னது. ஆனால் நடைமுறையில் மருத்துவமனை கொடுத்த காகிதத்தில் 'மாரடைப்பு' என்று இருந்தால் அந்தக் குடும்பம் எத்தனை ஆபீஸ் ஏற வேண்டும்! காமிராவைக் கண்டதும் பெண்கள் முதலில் எடுத்துக் காட்டியது கணவரின் போட்டோவை அல்ல, பாலிதீன் கவரில் மடித்து வைத்திருந்த காகிதங்களை. அழுகையை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு மனு கிடைத்தது. என் நண்பர்களில் ஒருவருக்கு இது ஏமாற்றம். துக்கம் எங்கே, இதெல்லாம் கலெக்டர் ஆபீஸ் சமாச்சாரம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தொண்டு நிறுவனப் படங்கள் நம்மைப் பழக்கிவைத்திருக்கும் பழக்கம் இது: முகத்தை அருகில் காட்டு, கண்ணில் நீர் திரளட்டும், பின்னணியில் வயலின். அழுகிற ஏழை நல்ல ஏழை. காகிதத்தை நீட்டுகிற ஏழை தொந்தரவு.

ஒரு நாள் வியாசர்பாடியில் ஒரு பாட்டி, மகனைப் பறிகொடுத்தவர், தானாகவே ஒப்பாரி எடுத்தார். இரண்டு வருஷம் கழித்து. அன்றைக்கு அழவிடவில்லை என்று சொல்லி ஆரம்பித்தார். மகனின் அருமை பெருமை, அவன் வாங்கிவந்த மல்லிப்பூ எல்லாம் வந்தது. அப்புறம், அதே ராகத்தில், படுக்கை இல்லை என்று திருப்பி அனுப்பிய ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ்காரன் கேட்ட பணம், தூர நின்ற சம்பந்தி வீட்டார், மருமகளுக்குக் காசு வராமல் இழுத்தடித்த அதிகாரி எல்லோருக்கும் திட்டு விழுந்தது. அப்போதுதான் எனக்கு க்ரிம்ப் நினைவுக்கு வந்தார். துக்கம் வேறு, போர்க்குணம் வேறு என்று பிரித்து, பின்பு 'உம்' விகுதி போட்டு ஒட்ட வேண்டிய அவசியம் அவருக்கு இருந்தது. ஒப்பாரியில் அந்தப் பிரிவே இல்லை. சீர் செய்யாத அண்ணனைச் சபிப்பதும் செத்த புருசனைப் புகழ்வதும் ஒரே மூச்சில்தான். ஒப்பாரியை 'நாட்டார் கலை' என்று கேசட் போட்டு, மேடையேற்றி, நம்முடைய பண்பாட்டு ஆர்வலர்கள் அதிலிருந்து முதலில் உருவியெடுத்தது இந்தத் திட்டைத்தான். அதே சமயம் ஒப்பாரியையும் புனிதப்படுத்திவிடக் கூடாது. பெண் சுடுகாட்டுக்கு வரக்கூடாது, வாசலோடு அழு என்று நிறுத்தியதன் விளைச்சல் அது. வேறு எந்தச் சபையிலும் பேசவிடாதவளுக்குப் பிணத்தின் தலைமாட்டில் மட்டும் கிடைத்த மேடை. கொரோனா அந்த மேடையையும் பறித்துவிட்டது.

பாட்டியின் ஒப்பாரியை முழுசாகப் படத்தில் வைத்தோம், 14 நிமிடம், வெட்டில்லாமல், மொழிபெயர்ப்பு வரிகளில் திட்டுகள் உட்பட. விழா ஒன்றுக்கு அனுப்பியபோது அதைப் பாதியாகக் குறைக்க முடியுமா என்று கேட்டார்கள். அந்த விழாவில் படம் ஓடவில்லை.

முகம் பற்றிய விவாதம்தான் எங்களுக்குள் மிக நீண்டது. ஆறு பெண்களின் கதையைத் தெரிந்துவைத்திருந்ததால் யாருடைய பெயரையும் போடுவதில்லை என்று முதலில் தீர்மானித்தோம். படம்பிடிக்கப்பட்ட பெண்களுக்கே அது பிடிக்கவில்லை. "எம் பேரு போட்டாதானப்பா ஆபீசர் பாப்பாரு" என்றார் ஒருவர். மீன் விற்கிற இன்னொரு அம்மா, தன் முகம் வேண்டாம், கணவரின் போட்டோவும் பெயரும் பெரிசாக வர வேண்டும் என்றார். ஆகவே பொதுவிதி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதியைப் போட்டுக்காட்டி, அவரவர் சொன்னபடி. காட்டிய பிறகும் மனம் மாறலாம் என்றும் சொல்லி வைத்தோம். மாஸியும் ஜாஸ்லினும் தங்கள் காமிராவைத் தாங்களே பிடித்ததால் இந்தப் பிரச்சினை அவர்களுக்கு வரவில்லை. நாம் வெளியிலிருந்து போகிறவர்கள்.

2024இல் 61 நிமிடப் படமாக முடித்தோம். கல்யாண மண்டபத்திலும் தெருவிலும் சங்கக் கட்டடங்களிலும் போட்டோம். சில மாதம் கழித்து ஒரு பெண்ணிடமிருந்து போன் வந்தது. பெரிய மகளுக்கு வரன் பார்க்கிறார்களாம், அப்பா ஆஸ்பத்திரி நடைபாதையில் கேட்பாரற்றுக் கிடந்து செத்தது மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிய வேண்டாம், கல்யாணம் முடியும்வரை தன் பகுதி இல்லாமல் போட முடியுமா என்று கேட்டார். எடுத்துவிட்டோம். இப்போது படம் 52 நிமிடம். போன மாதம் ஒரு திரையிடலில், இந்த இடத்தில் கதை ஏன் இப்படித் துள்ளுகிறது என்று ஒரு தோழர் கேட்டார். ஒருத்தருடைய பகுதி இங்கே இருந்தது, அவர் கேட்டுக்கொண்டதால் இப்போதைக்கு இல்லை என்று சொன்னேன். கல்யாணத்துக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை.